கண்ணாடிப் பெட்டியில் ஒரு சிறுவன்

ஒரு தந்தையின் கேள்வியோடு தொடங்குவோம். அவர் ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பண்டகசாலை ஒன்றில் வேலை. மனைவி மருத்துவமனையில் இரவுக் கடமை பார்ப்பவள். பதினைந்து வயது நிரம்பிய மூத்த மகன் பேஸ்போல் ஆடுகிறான், நன்றாகவே ஆடுகிறான். அவனுக்கு இளையவளாய் ஒரு தங்கையும் இருக்கிறாள். ஒருநாள் அவ்வீட்டுக்கு ஓர் அழைப்பு வருகிறது. வேறொரு மாநிலத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சி. பல்கலைக்கழகப் பயிற்றுநர்களும் தொழில்முறைக் கழகங்களின் தெரிவாளர்களும் அங்கு வருவார்கள். மகனின் திறமையை அவர்கள் நேரிற் காணலாம். கட்டணம் பல நூறு டொலர். பயணச் செலவும் விடுதிச் செலவும் வேறு. மகனை அனுப்புவதா, விடுவதா?

இத்தந்தையை நாம் கற்பனையிற் படைத்துக்கொண்டோம். ஆனால் அவரைப் போன்றோர் அந்நாட்டில் ஆயிரமாயிரம் பேர் இருக்கின்றனர்; ஆண்டுதோறும் இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர். பெரும்பாலும் இதனைப் பணக் கணக்காகவே அவர்கள் போட்டுப் பார்க்கின்றனர். போடும் பணத்துக்குப் பலன் கிடைக்குமா என்பதே அவர்களின் கவலை. அக்கவலையை நாம் அற்பமென்று தள்ளவில்லை. உழைத்துண்பவன் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் இக்கேள்வியின் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. தன் பிள்ளையை விலை மதிப்பிடுவோர் முன்னிலையில் நிறுத்தும் உரிமை பெற்றோருக்கு எவ்வளவு தூரம் உண்டு? நிறுத்த மறுக்கும் உரிமைதான் எவ்வளவு தூரம் உண்டு? இதனையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

இந்நிகழ்ச்சிகளுக்கு அமெரிக்கர் இட்டிருக்கும் பெயர் 'ஷோகேஸ்' என்பதாகும். நம் நாட்டுக் கடைகளிற் பண்டங்களை அடுக்கி வைக்கும் கண்ணாடிப் பெட்டியை நாம் எச்சொல்லால் வழங்குகின்றோமோ அதே சொல். பெயர் வைத்தவர்கள் எதனையும் மறைக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

அங்கு நடப்பது யாது? கிரிக்கெட்டைப் போலவே பேஸ்போலும் மட்டையாலும் பந்தாலும் ஆடப்படுவது. அணி அணியாக ஆடப்படுவது. ஆனால் ஷோகேஸ் மைதானத்திற் சிறுவர்கள் முதலில் ஒருவர் பின் ஒருவராக அளக்கப்படுகின்றனர். அறுபது யார் தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்று கடிகாரம் கணிக்கிறது. களத்திலிருந்து அவன் எறியும் பந்தின் வேகத்தையும், அவன் மட்டையிற் பட்டுத் திரும்பும் பந்தின் வேகத்தையும் றேடார் கருவி காட்டுகிறது. பந்தெறிவோன் ஓரிரு சுற்றுக்கள் மட்டுமே எறிகிறான். அச்சில நிமிடங்களில் தன் உடலின் முழுப்பலத்தையும் அவன் கொட்டிவிட வேண்டும். பின்னர் ஓர் ஆட்டமும் ஆடப்படுவதுண்டு. அதில் எவர் வென்றார் என்பதை எவரும் கேட்பதில்லை. நேற்றுவரை முகமறியாத பையன்கள் ஒரே நிறச் சட்டையை அணிந்து ஒருபக்கம் நிற்கின்றனர். அவர்களை அணி என்று சொல்வதற்கில்லை. முடிவில் ஒவ்வொருவனுக்கும் எண்கள் வழங்கப்படுகின்றன. அவ்வெண்கள் ஊரறிய வெளியிடப்படுகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களுக்கும் இத்தகைய நிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

எக்காலமும் இப்படி இருந்ததில்லை. முன்னாளிற் சிறுவனைத் தேடித் தெரிவாளனே சென்றான். ஒக்லஹோமா மாநிலத்தில் ஈய, நாகச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக வளர்ந்த மிக்கி மான்டிலின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1948ஆம் ஆண்டில் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தின் தெரிவாளரான டொம் கிறீன்வேட் வேறோர் இளைஞனின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகச் சிற்றூர் மைதானமொன்றுக்குச் சென்றார். அங்கே அவர் கண்ணிற் பட்டவன் மான்டில். அடுத்த ஆண்டு, பள்ளிப் படிப்பு முடிந்ததும், அவனைக் கழகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் அவன் அவ்வாட்டத்தின் மாபெரும் வீரர்களுள் ஒருவனானான். கண்டுபிடிக்கப்படுவதற்காக அச்சுரங்கத் தொழிலாளி எவருக்கும் ஒரு சதமும் கட்டணம் செலுத்தவில்லை.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று நாம் மயங்கலாகாது. அந்தத் தெரிவாளரின் கண்ணுக்கு எல்லாச் சிறுவரும் தெரியவில்லை. கறுப்பின மக்களுக்கு மேஜர் லீக்கின் கதவு 1947இல் ஜாக்கி ரொபின்சன் நுழையும்வரை அடைபட்டே கிடந்தது. மான்டிலைத் தேடிக் கண்ட அதே யாங்கீஸ் கழகத்தில் முதற் கறுப்பின வீரரான எல்ஸ்டன் ஹவார்ட் ஆடத் தொடங்கியது 1955இலேயே. தேடி வருபவன் தான் காண விரும்பியதை மட்டுமே கண்டான். மிக ஒதுங்கிய ஊர்களிற் பிறந்தோர் எத்தனை பேர் எவர் கண்ணிலும் படாமல் முதுமை எய்தினரோ நாமறியோம்.

ஆகவே, ஷோகேஸ் நிகழ்ச்சிகளின் சார்பாகப் பேசுவோரின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. இத்துறையில் இன்று பெருநிறுவனமாக விளங்கும் 'பேர்பெக்ட் கேம்' 1995இல் ஐயோவா மாநிலத்திலே தொடங்கப்பட்டது. ஐயோவா குளிர் மிகுந்த நாடு. அங்கே வருடத்தின் நீண்ட பகுதியில் மைதானத்தில் இறங்க முடியாது. புளொரிடாவிலும் கலிபோர்னியாவிலும் வெயிலில் ஆடும் பையன்களை நாடிச் செல்லும் தெரிவாளர்கள் ஐயோவாப் பையன்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களையும் பார்க்கச் செய்யவேண்டும் என்ற எண்ணம் தவறானதன்று. இருநூறு பையன்களை ஒரே இடத்தில் இரண்டு நாளிற் பார்த்துவிடலாம் என்பது பயிற்றுநர்களுக்கும் வசதி. தன் திறமையைப் பிறர் அறியவேண்டும் என்று ஒரு மனிதன் விரும்புவதிலும் குற்றமில்லை. பாடத் தெரிந்தவன் சபையில் அமர்ந்து பாட விரும்புகிறான். எழுதத் தெரிந்தவன் அச்சிற் காண விரும்புகிறான். அறியப்படாமை அடக்கமன்று, பலவேளைகளில் அது ஏழைமீது சுமத்தப்பட்ட தண்டனை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே நாம் மறுபக்கத்தை நோக்க வேண்டும்.

கதவைத் திறப்பதாகச் சொல்லி வந்த ஏற்பாடு வாசலிற் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. 2013இல் தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்ற அன்ட்ரூ மக்கச்சன், புளொரிடாவின் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 2015இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் இதனை வெளிப்படையாகக் கூறினார். ஏழைச் சிறுவனிடம் திறமை இருந்தாலும், அத்திறமையைக் காணக்கூடியவர்கள் இருக்குமிடத்துக்குச் சென்று சேரும் செலவே அவனை மறித்து நிற்கிறது என்பது அவர் கருத்து. வேறொரு பயிற்றுநர் கைகொடுத்துச் செலவை ஏற்றிராவிட்டால் தம் கதி வேறாயிருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் மேஜர் லீக் வீரர்களுள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரளவில் அமெரிக்கக் கறுப்பினத்தவராக இருந்தனர். 2024இல் அத்தொகை நூற்றுக்கு ஆறளவாகச் சுருங்கிவிட்டது. 2022இல் நடந்த இறுதித் தொடரில் அமெரிக்காவிற் பிறந்த கறுப்பின வீரர் ஒருவர்கூட இரு அணிகளிலும் இல்லை. 1950க்குப் பின் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதல் தடவை. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் அவற்றுள் பணம் ஒன்று என்பதை எவரும் மறுக்க முடியாது. ஒருகாலத்தில் நிறம் காத்து நின்ற வாசலில் இப்போது காசு காத்து நிற்கிறது.

அடுத்து, அத்தந்தை எதனை வாங்கப் போகிறார் என்று பார்ப்போம். அவர் மனக்கண்ணில் நிற்பது புலமைப்பரிசில். அமெரிக்காவிற் பல்கலைக்கழகப் படிப்பின் செலவு ஒரு தொழிலாளியின் குடும்பத்தை வாழ்நாள் முழுவதும் கடனில் ஆழ்த்தவல்லது. ஆகவே மகனின் கைப்பலம் அக்கடனைத் தவிர்க்குமானால் நல்லதுதானே என்று அவர் எண்ணுகிறார். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 2024–25 கல்வியாண்டு வரை முதற்பிரிவுப் பல்கலைக்கழகப் பேஸ்போல் அணி ஒன்று வழங்கக்கூடிய முழுப் புலமைப்பரிசில்கள் 11.7 மட்டுமே. இதனைப் பலருக்குப் பங்கிட்டனர். ஒருவனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் செலவின் ஒரு பங்குதான். 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இணக்கத்தின் பின், அதில் இணைந்த பல்கலைக்கழகங்களில் அந்த உச்சவரம்பு நீங்கியது. ஆனால் அணியின் தொகை 34 பேர் என்று வரையறுக்கப்பட்டது. பணம் பெருகலாம், இடம் பெருகவில்லை. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து மாறிவரும் முதிர்ந்த வீரர்களையும் பயிற்றுநர்கள் இப்போது நாடுகின்றனர். தொழில்முறைக் கழகங்களின் ஆண்டுத் தெரிவும் 2019இல் நாற்பது சுற்றுக்களாக இருந்து 2021 முதல் இருபதாகக் குறைந்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிகளிற் பேஸ்போல் ஆடும் பையன்களோ நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த ஏதேனும் ஓர் அணியில் இடம்பெறுவோர் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேரே. முதற்பிரிவை எட்டுவோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே.

வாசல் ஒடுங்க ஒடுங்க, வாசலில் நிற்பதற்கான கட்டணம் ஏறுகிறது. அச்சத்தைப் பண்டமாக்கி விற்கும் வாணிகத்தின் இயல்பு இதுவே. 'உன் மகன் வராவிட்டால் மற்றவன் வருவான்' என்ற ஒரு வாக்கியம் போதும். எந்தத் தந்தையின் கையும் சட்டைப்பைக்குள் தானாகச் செல்லும்.

கூத்துப் பார்க்கப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் கூட்டத்தில் முன்வரிசைக்காரன் ஒருவன் எழுந்து நின்றால் என்னவாகும்? பின்னால் இருப்பவனும் எழவேண்டியதாகிறது. சற்று நேரத்தில் எல்லாரும் நிற்கின்றனர். எவருக்கும் முன்னையிலும் நன்றாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் கால் வலிக்கிறது. ஆயினும் எவனும் தனியாக உட்கார முடியாது. ஷோகேஸ் நிகழ்ச்சிகளின் நிலையும் அதுதான். ஒவ்வொரு குடும்பமும் தன்னளவில் நியாயமான முடிவையே எடுக்கிறது. அந்த நியாயங்களெல்லாம் ஒன்றுகூடி எல்லார் கழுத்துக்கும் சுருக்காகின்றன. ஆகவே 'அனுப்பாதே' என்று அந்த ஒஹாயோத் தந்தைக்கு அறிவுரை சொல்லிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. நிற்கின்ற கூட்டத்தில் அவரை மட்டும் உட்காரச் சொல்வதாகவே அது முடியும். வசதி படைத்தவனின் மகனுக்கு விலகி நிற்பது ஒரு கொள்கை. அவனுக்கு வேறு வழிகள் உண்டு. ஏழையின் மகனுக்கு விலகி நிற்பது இழப்பு. அறத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்வேறுபாட்டை மறந்தால், அவர் பேச்சு வயிறு நிறைந்தவனின் உபவாசம் போலாகிவிடும்.

இனி, கையைப் பற்றிச் சொல்லவேண்டும். இது உவமையன்று, தசையும் நாரும் கொண்ட கையையே சொல்கின்றோம். 1974ஆம் ஆண்டு டொமி ஜோன் என்ற வீரரின் முழங்கை மூட்டில் இணைப்பு நார் அறுந்தபோது, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வைத்தியர் பிராங்க் ஜோப் உடலின் வேறோரிடத்திலிருந்து நாரெடுத்து அங்கே பொருத்தினார். அச்சத்திரசிகிச்சை இன்றும் அவ்வீரரின் பெயராலேயே வழங்கப்படுகிறது. அன்று அது நீண்டகாலம் ஆடித் தேய்ந்த முப்பத்தொரு வயதுக்காரரின் கைக்குச் செய்த சிகிச்சை. இன்றோ மீசை அரும்பாத பையன்கள் அதே மேசையிற் கிடத்தப்படுகின்றனர்.

அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தோளிலோ முழங்கையிலோ சத்திரசிகிச்சைக்குள்ளான 95 இளம் பந்தெறிவோரை, பெருங்காயமின்றி ஆடிவந்த 45 பேரோடு அவர்கள் ஒப்பிட்டனர். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டிகளில் எறிந்தவர்கள் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகும் வாய்ப்பு ஐந்து மடங்காயிருந்தது. கை சோர்ந்த பின்னும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு அது முப்பத்தாறு மடங்கு. காயமுற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமான ஷோகேஸ்களிற் பங்குபற்றியிருந்தனர் என்பதும் தெரியவந்தது. 2014இல் மேஜர் லீக்கும் அமெரிக்கப் பேஸ்போல் அமைப்பும் சேர்ந்து இளைஞருக்கென வழிகாட்டி விதிகளை வெளியிட்டன. பதினைந்து, பதினாறு வயதுடையவன் ஒருநாளில் 95 தடவைக்கு மேல் எறியலாகாது. ஆண்டில் நான்கு மாதமேனும் எறிவதை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும் என்பன அவற்றுட் சில. இருந்தும் 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட அறிக்கை, வேகத்தின் மீதான மோகமும் ஒவ்வொரு பந்தையும் முழுப்பலத்தோடு எறிவதுமே பந்தெறிவோரின் காயங்கள் பெருகக் காரணம் என்று கூறியது. அம்மோகம் இளைஞரின் ஷோகேஸ்களிலேயே வேரூன்றிவிடுகிறது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

றேடார் கருவியின் முன் நிற்கும் பையன் ஏன் முழுப்பலத்தையும் கொட்டுகிறான்? அவனுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். அவனுடைய பொறுமையையும், எதிரியின் மனமறிந்து மெதுவாக எறியும் சாதுரியத்தையும், தோற்கும் அணியைத் தட்டியெழுப்பும் தன்மையையும் காட்டும் கருவி அங்கு இல்லை. எண் ஒன்றே மிஞ்சும். எனவே எண்ணுக்காக அவன் எறிகிறான். குளிர்காலத்திலும் ஓய்வின்றி எறிகிறான்.

ஏறக்குறைய இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்ற நூலில் இதே விடயத்தைத் தொட்டிருக்கிறார் என்றால் வாசகர் வியக்கக்கூடும். சிறுவராயிருந்தபோதும் பின்னர் வளர்ந்த ஆடவரானபோதும் ஒலிம்பியாவில் வெற்றி பெற்றவர்கள் இரண்டு மூன்று பேரே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இளமையிற் கொடுத்த கடும்பயிற்சி அவர்களின் வலுவை முன்கூட்டியே பறித்துவிட்டது என்பதே அவர் கண்ட காரணம். அன்று மாலைக்காகப் பிழியப்பட்ட இளமை இன்று எண்ணுக்காகப் பிழியப்படுகிறது.

ஆயினும் உடற்காயம் மட்டுமே கேடு என்றால், நல்ல வைத்தியரும் நல்ல விதிகளும் போதும். மெய்யியலுக்கு இங்கு வேலையில்லை. உடல் சிறிதும் நோகாத ஒரு ஷோகேஸ் நடந்தாலும் எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றுண்டு. ஜெர்மானிய ஞானி கான்ட் 1785இல் எழுதிய நூலில் விலைக்கும் மாண்புக்கும் இடையே ஒரு கோடு கீறினார். விலையுள்ள பொருளுக்குப் பதிலாக அதே விலையுள்ள வேறொன்றை வைக்கலாம். மாண்புள்ளதற்கு ஈடு இல்லை. மனிதன் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். அவனை ஒரு கருவியாக மட்டும் நடத்துதல் ஆகாது. அமெரிக்கப் பேஸ்போலின் வரலாற்றிலேயே இக்கோட்டை உயிரோட்டமாகக் காட்டியவர் ஒருவர் உண்டு. கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரரை 1969இல் அவருடைய கழகம் அவரைக் கேளாமலே இன்னொரு கழகத்துக்கு மாற்றிக்கொடுத்தது. தாம் வாங்கவும் விற்கவும் உரிய உடைமை அல்லர் என்று அவர் மறுத்து நின்றார். வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1972இல் அவர் தோற்றார். அவரது ஆட்ட வாழ்வும் அழிந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அழியவில்லை. சில ஆண்டுகளுக்குள் வீரர்கள் தாம் விரும்பும் கழகத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பெற்றனர்.

ஃபிளட் வளர்ந்த மனிதர். தம்மைப் பண்டமாக்குகின்றனர் என்பதை உணர்ந்து எதிர்க்கும் அறிவும் துணிவும் அவருக்கிருந்தன. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு அவை எங்கிருந்து வரும்? தன் பெயருக்கருகே ஓர் எண்ணைக் கண்டு வளர்பவன் நாளடைவில் அந்த எண்ணையே தானென்று எண்ணத் தலைப்படுகிறான். எண் ஏறினால் நான் உயர்ந்தவன். இறங்கினால் நான் ஒன்றுமில்லாதவன். விற்பவனின் கண்ணால் தன்னைத் தானே பார்க்கக் கற்றுக்கொள்வதைவிடப் பெரிய காயம் முழங்கையில் ஏற்படுவதில்லை. அதற்குச் சத்திரசிகிச்சையும் கிடையாது.

இன்னுமொரு சுமையும் உண்டு. அதனைப் பெற்றோர் அறிவதேயில்லை. தாயின் இரவுக் கடமையும் தங்கையின் இசை வகுப்பும் தன் பயணத்துக்காகப் பலியிடப்படுவதைப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எவரும் அவனிடம் கணக்குக் காட்டுவதில்லை. ஆனால் அவன் கணக்கு வைத்திருக்கிறான். ஒருநாள் காலையில் எழுந்து, 'எனக்கு இந்த ஆட்டம் அலுத்துவிட்டது. நான் தச்சுவேலை கற்க விரும்புகிறேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? அன்பினாற் செய்த செலவு வாய்ப்பூட்டாகிவிடுகிறது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் பைன்பேர்க் 1980இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், குழந்தைக்குத் 'திறந்த எதிர்காலத்துக்கான உரிமை' உண்டு என்று வாதிட்டார். பின்னாளிற் குழந்தை தானே தெரிந்துகொள்ள வேண்டிய வழிகளைப் பெற்றோர் முன்கூட்டியே அடைத்துவிடலாகாது என்பது அதன் சாரம். ஷோகேசுக்கு அனுப்பும் தந்தை, 'நான் கதவைத் திறக்கிறேன்' என்கிறார். அனுப்ப மறுக்கும் தந்தை, 'நான் மற்றக் கதவுகள் மூடாமற் காக்கிறேன்' என்கிறார். இருவரும் ஒரே உரிமையின் பெயராலேயே பேசுகின்றனர். அப்படியாயின் தீர்ப்பு எங்கே?

தீர்ப்பு காலத்திலும் காரணத்திலும் உள்ளது என்பது நமது கருத்து. பிள்ளைக்கு இன்று கிடைக்கும் ஒன்று, நாளை அவன் 'வேண்டாம்' என்று சொல்லும் ஆற்றலை வளர்க்கிறதா, குறைக்கிறதா? இதுவே உரைகல். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் காட்சிக்கு வைப்பது எந்த உரைகல்லிலும் தேறாது. அவன் தன்னை அறியும் முன்னரே விலையை அறிகிறான். பிரயோசனமும் இல்லை. 2023இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இயற்றிய விதியின்படி, உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஆகஸ்ட் முதலாம் திகதிக்கு முன் முதற்பிரிவுப் பயிற்றுநர் எவரும் ஒரு பேஸ்போல் வீரனோடு தொடர்புகொள்ளவோ, இடம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது. அவ்வாண்டிலே பையனுக்குப் பதினாறு வயதளவில் இருக்கும். அதற்கு முன் பணம் கொடுத்துக் காட்சிக்கு நிற்பதால் மகிழ்பவர் கட்டணம் வாங்குபவர் மட்டுமே.

பதினாறு, பதினேழு வயதினனின் நிலை வேறு. ஆகவே அந்த ஒஹாயோத் தந்தைக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: இந்த ஆண்டு வேண்டாம். பையன் பள்ளி அணியோடு ஆடட்டும். குளிர்காலத்திற் கைக்கு ஓய்வு கொடுக்கட்டும். வேறொரு விளையாட்டையும் ஆடட்டும். அடுத்த ஆண்டு, அவனை எவ்விதப் பற்றுமின்றி மதிப்பிடக்கூடிய ஒரு பயிற்றுநரிடம், எந்தத் தரத்துக் கல்லூரிக்கு இவன் பொருந்துவான் என்று கேளுங்கள். அவன் படிக்க விரும்பும் கல்லூரிகளின் பயிற்றுநர்களுக்கு அவனே கடிதம் எழுதட்டும். ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்பட்டும். அதற்குச் செலவு அற்பம். அவர்களுள் ஒருவர், 'இந்த இடத்துக்கு வந்தால் உன்னைப் பார்ப்பேன்' என்று பதிலெழுதினால், அப்போது போகலாம். எவரோ பார்ப்பார் என்று போவது சூதாட்டம். இன்னார் பார்ப்பார் என்று அறிந்து போவது பயணம். போகும் நாளிற் கை நோகுமாயின், கட்டிய கட்டணத்தை மறந்து வீடு திரும்புங்கள். தங்கையின் பங்கைத் தொடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, மகனிடம் கேளுங்கள். 'போக விரும்புகிறாயா?' என்று மட்டும் கேட்டாற் போதாது. அதற்கு அவன் உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்வான். 'போகாவிட்டாலும் எனக்கு நீ குறைந்தவனல்லன்' என்று முதலிற் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

இது ஒரு வீட்டுக்குச் சொல்லும் வார்த்தை. நாட்டுக்குச் சொல்லவேண்டிய வார்த்தை வேறு. நின்றுகொண்டிருக்கும் கூட்டத்தை உட்காரவைக்க ஒருவனால் ஆகாது. பொதுவிதி ஒன்று வேண்டும். 2023ஆம் ஆண்டு விதி அத்தகைய ஒன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் வழக்கத்தை எந்தத் தந்தையின் நல்லறிவும் நிறுத்தவில்லை, விதி நிறுத்தியது. ஓய்வு மாதங்களில் ஷோகேஸ் நடத்தலாகாது என்ற விதியும் அவ்வாறே இயற்றப்படக்கூடியது. திறமையைக் காணும் செலவை அதனாற் பயனடைவோர் ஏற்கவேண்டும் என்பதும் நியாயமே. மேஜர் லீக் 2015இல் தொடங்கி இன்று ஹாங்க் ஏரன் பெயரால் நடத்தும் இளைஞர் முகாமில், அழைக்கப்படுவோர் கட்டணம் செலுத்துவதில்லை. சிலருக்குச் செய்ய முடிவதைப் பலருக்கும் செய்ய முடியாதென்பதில்லை. கோடிக்கணக்கில் ஈட்டும் தொழில் அது. தனக்கு வேண்டிய ஆளைத் தேடும் செலவை வேலை தேடுபவனின் தலையிற் கட்டும் முதலாளியை எத்தொழிற்சங்கமும் பொறுத்துக்கொள்ளாது. சிறுவனுக்குத் தொழிற்சங்கம் இல்லை என்பதற்காக அது நீதியாகிவிடாது.

அதுவரை அந்தத் தந்தை காத்திருக்க முடியாது. மகன் வளர்ந்துகொண்டிருக்கிறான். அழைப்பு மேசைமேல் கிடக்கிறது. வேலை முடிந்து வந்த மாலையில், வீட்டின் பின்புறத்துப் புல்வெளியில் மகன் பந்தை எறிய, அவர் கையுறையை மாட்டிக்கொண்டு பிடிக்கிறார். அதன் வேகத்தை அங்கு எவரும் அளப்பதில்லை. இன்று கை எப்படியிருக்கிறது என்று அவர் கேட்கிறார், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார், இருட்டும்வரை எறிகிறார்கள். அந்த அழைப்புக்கு என்ன பதில் எழுதினாலும் சரி, இந்த மாலைப்பொழுதுக்கு அதனால் ஊறு நேராதா என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கட்டும். ஊறு நேருமாயின் பதில் தெளிவு. நேராதாயின், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் தாராளமாகப் போய் வரலாம்.